மான் வளர்த்த மாணவன்

'ராபின்சன் குரூசோ வெளிவருவதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே, தனித்தீவில் வளர்ந்த மனிதனின் கதையை முஸ்லிம் பேரறிஞர் ஒருவர் எழுதிவிட்டார்' என்று மேடையில் ஒருவர் முழங்கினால், நம்மவர்கள் மகிழ்ந்து கரவொலி எழுப்புவர். எழுப்பட்டும், செய்தி உண்மைதான். ஆனால் கரவொலி அடங்கிய பின்னர், அந்த நூலில் என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்பாரும் இல்லை; சொல்வாரும் இல்லை. இப்னு துஃபைலின் 'ஹய்யு இப்னு யக்ளான்' நம்மிடையே பெருமைக்குரிய ஒரு பெயராக நின்றுவிட்டதேயன்றி, படித்து வழக்காடுதற்குரிய நூலாக ஆகவில்லை. இப்போது அதற்கு மற்றொரு பயனும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பள்ளிக்கூடமே வேண்டியதில்லை, பிள்ளை தானே கற்றுக்கொள்ளும் என்று வாதிடுவோர், 'ஆசிரியரின்றியே அனைத்தையும் கற்றவன் ஹய்யு' என்று அவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகின்றனர். அந்தச் சாட்சியம் செல்லுமா என்பதை நூலையே முன்வைத்து ஆராய விரும்புகிறோம்.

முதற்குழப்பம் தலைப்பிலேயே தொடங்குகிறது. அரபு மூலத்தில் நூலின் பெயரும் கதைத்தலைவனின் பெயரும் ஒன்றே. 'விழித்திருப்பவனின் மகனாகிய உயிருள்ளவன்' என்பது அதன் பொருள். இப்னு ஸீனா தம் சிறு உருவகக் கதையொன்றுக்கு இட்டிருந்த பெயரை இப்னு துஃபைல் எடுத்துக்கொண்டார். 1671ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டில் இளைய எட்வர்ட் போகாக் அரபு மூலத்தை லத்தீன் மொழிபெயர்ப்புடன் சேர்த்து அச்சிட்டபோதுதான், 'தானே கற்ற மெய்யறிஞன்' என்று பொருள்படும் தலைப்பு அதன்மேல் ஏறியது. அந்தத் தலைப்பின் வழியாகவே ஐரோப்பா நூலைப் படித்தது. உள்ளொளியை நம்பிய குவேக்கர் கூட்டத்தாருள் ஒருவர் 1674இல் அதனை ஆங்கிலத்தில் ஆக்கினார். 1708இல் அரபியிலிருந்து நேராக மொழிபெயர்த்த சைமன் ஆக்லியோ, போதிப்பாரின்றி இறைவனை அறிதல் கூடும் என்ற கருத்து ஆபத்தானது எனக் கருதி, அதனை ஆராயும் பின்னிணைப்பு ஒன்றைச் சேர்த்தே நூலை வெளியிட்டார். புகழ்ந்தவர்களும் அஞ்சியவர்களும் ஒரே தலைப்பையே நோக்கிக்கொண்டிருந்தனர். அந்தத் தலைப்பு போகாக்குடையது. இப்னு துஃபைலுடையது அன்று.

ஆசிரியரைப் பற்றிச் சில சொற்கள் போதும். ஸ்பெயின் நாட்டில் கிரானடாவுக்கு அருகிலுள்ள வாதீ ஆஷ் அவருடைய ஊர். முவஹ்ஹிதீன் அரசின் கலீஃபா அபூ யஃகூப் யூசுஃபுக்கு மருத்துவராகவும் அவைக்கு அணுக்கராகவும் இருந்து, 1185இல் மராக்கிஷில் காலமானார். கதையின் களத்தை அவர் நிலநடுக்கோட்டின் கீழுள்ள இந்தியத் தீவுகளுள் ஒன்றில் வைத்தார். இதைக் கண்டு ஈழத்து அன்பர்கள் உரிமை கொண்டாட விரும்பலாம். மஸ்ஊதி கூறிய வக்வாக் தீவு என்பதற்குமேல் நூலில் சான்று எதுவும் இல்லை.

அத்தீவில் குழந்தை எவ்வாறு வந்தது என்பதற்கு இரண்டு வரலாறுகளை நூல் தருகிறது. களிமண் பக்குவமடைந்து அதிலிருந்து தோன்றியது என்பது ஒன்று. அண்டைத் தீவின் அரசனுக்கு அஞ்சிய அவன் தங்கை, மறைவாக மணம்புரிந்து பெற்ற மகவைப் பெட்டியில் வைத்துக் கடலில் விட்டாள் என்பது மற்றொன்று. இரண்டில் எதுவாயினும் அடுத்த கட்டம் ஒன்றே. குட்டியை இழந்த மானொன்று குழந்தையின் அழுகுரலைக் கேட்டு வருகிறது, பால் கொடுக்கிறது. கதையின் முதல் ஆசிரியை இந்த மான்தான். 'ஆசிரியரின்றிக் கற்றவன்' என்போர் இந்தப் பக்கங்களை விரைந்து புரட்டிவிடுகின்றனர் போலும்.

பிள்ளை எதனால் கற்கத் தொடங்குகிறது என்ற வினாவுக்கு இப்னு துஃபைல் தரும் முதல் விடை நம்மை வியக்க வைக்கிறது. அது நாணம். மற்ற விலங்குகளுக்கு மயிரும் இறகும் வாலும் இருக்கின்றன. தனக்கு ஒன்றும் இல்லை. அவற்றுக்குக் கொம்பு முளைக்கிறது, தனக்கு முளைக்கவில்லை. முளைக்கும் முளைக்கும் என்று காத்திருந்து, ஏழாம் வயதை அணுகுங்கால் நம்பிக்கையிழந்து, அகன்ற இலைகளைக் கொண்டு இடுப்பை மறைத்துக்கொள்கிறான். இலைகள் காய்ந்து உதிர்கின்றன. பின்னர் இறந்துகிடந்த கழுகொன்றின் தோலையும் சிறகுகளையும் போர்த்திக்கொள்கிறான். குறையுணர்வு இங்கே அறிவுக்கு வாயிலாகிறது. ஆனால் ஒன்றைக் கருத வேண்டும்: அவனுடைய குறையை யாரும் அவன் முகத்துக்கு நேரே சொல்லிச் சிரிக்கவில்லை. தானே ஒப்பிட்டு, தானே வருந்தி, தானே வழி தேடினான். பத்துப் பேர் முன்னிலையில் ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தி, 'இவனைப் பார், எல்லாரும் முடித்துவிட்டார்கள், இவன் இன்னும் அதே பக்கத்தில் நிற்கிறான்' என்று கூறும் ஆசிரியர் உண்டாக்குவதும் நாணந்தான்; அதிலிருந்து இலையாடை பிறப்பதில்லை.

இரண்டாவது விடை துயரம். இந்நூலின் உயர்ந்த பகுதி இதுவே என்பது நம் துணிபு. மான் முதுமையடைந்து தளர்கிறது. ஹய்யு அதனைச் செழித்த மேய்ச்சல் நிலங்களுக்கு நடத்திச் செல்கிறான். இனிய கனிகளைக் கொய்து ஊட்டுகிறான். ஒருநாள் அதன் அசைவு முற்றிலும் நின்றுபோகிறது. எந்த ஒலிக்கு அது எப்போதும் மறுமொழி கொடுக்குமோ அந்த ஒலியை எழுப்புகிறான், மறுமொழி இல்லை. காதைப் பார்க்கிறான், கண்ணைப் பார்க்கிறான். எங்கும் பழுது தெரியவில்லை. தான் கண்ணை மூடினால் காட்சி மறைகிறது, திறந்தால் திரும்புகிறது. அதுபோல இங்கும் ஏதோ ஒரு தடை இருக்க வேண்டும், அதை நீக்கிவிட்டால் தாய் எழுந்துவிடுவாள் என்று எண்ணுகிறான். விலங்குகளோடு பொருதும்போது தன் மார்பைக் காத்துக்கொள்வதில் தனக்குள்ள அச்சத்தை நினைத்துப் பார்த்து, மறைந்திருக்கும் உறுப்பு மார்பில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறான். திறந்தால் தீங்காகுமோ என்று தயங்குகிறான். திறவாவிட்டால் மீண்டு எழுந்த விலங்கு எதையும் தான் கண்டதில்லை என்பதை உணர்ந்த பின்னரே கூரிய கல்லையும் காய்ந்த நாணற் சீவலையும் கையிலெடுக்கிறான்.

அறிவியல் ஆராய்ச்சியின் பிறப்பை இவ்வளவு நெஞ்சுருகச் சொன்ன பக்கங்கள் உலக இலக்கியத்தில் மிகுதியாக இருக்க முடியாது. இதயத்தைக் காண்கிறான், வலப்புற அறையில் உறைந்த குருதி, இடப்புற அறை வெறுமை. அந்த வெறுமையிலிருந்த ஒன்று புறப்பட்டுப் போய்விட்டது. அதுவே தன் தாய், கிடப்பது அதன் கருவிதான் என்று தெளிகிறான். உடல் நாறத் தொடங்குகிறது. அப்போது சண்டையிட்ட இரு காக்கைகளுள் ஒன்று, தான் கொன்ற மற்றொன்றை மண்ணைத் தோண்டிப் புதைப்பதைக் காண்கிறான். அவ்வாறே தாயை அடக்கம் செய்கிறான். திருக்குர்ஆன் ஓதுவோர்க்கு ஆதமுடைய மைந்தரின் வரலாற்றில் வரும் காக்கை உடனே நினைவுக்கு வரும். (நுரையீரலூடே குருதி செல்லும் வழியை முதன்முதலாக விளக்கியவரும், 1288இல் மறைந்தவருமான மருத்துவர் இப்னு நஃபீஸ், இந்நூலை முன்மாதிரியாகக் கொண்டு, இதற்கு எதிர்மொழி போல, தீவில் தனித்து வளர்பவன் ஒருவனை வைத்துத் தாமும் ஒரு கதை செய்தார் என்பது சுவையான செய்தி. அவருடைய தலைவன் ஞானத்தோடு நில்லாமல், நபிமாரின் தேவையையும் தன் அறிவாலேயே உணர்கிறான். அதனைப் பற்றி வேறொரு சமயம் எழுதுவோம்.)

கற்கும் வேட்கை எங்கிருந்து வருகிறது என்று கேட்போர்க்கு இதனினும் தெளிவான விடை ஏது? பரிசில்லை, பிரம்பில்லை, மதிப்பெண்ணில்லை. நேசித்த ஒன்றைத் திரும்பப் பெற வேண்டும் என்ற தவிப்பு ஒன்றே உண்டு. அந்தத் தவிப்பு நிறைவேறாமற் போகிறது, ஆனால் அவிந்துவிடவில்லை. போனது எங்கே போயிற்று என்ற வினாவாக மாறி, தீயைக் கண்டபோதும், விண்மீன்களை நோக்கியபோதும், 28ஆம் வயதிலும் 35ஆம் வயதிலும், வானத்தைப் படைத்தவனிடம் அவனைக் கொண்டுபோய் நிறுத்தும் வரையிலும் தொடர்கிறது. ஏழேழு ஆண்டுகளாகக் கதை வளர்கிறது. இறையுணர்வின் உச்சத்தை அவன் அடைந்து நிற்கும்போது ஐம்பது வயதாகிவிட்டது. இந்த எண்ணிக்கையை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதனிடம் திரும்புவோம்.

இடைப்பட்ட பகுதி, அதாவது உருவம், பொருள், வானகோளம் ஆகியவற்றைப் பற்றிய நீண்ட வாதங்கள், மெய்யியல் பயில்வோர்க்கே உரியவை. நாம் அவற்றைக் கடந்து அப்ஸாலிடம் வருகிறோம்.

அண்டைத் தீவில் நபியொருவர் போதித்த மார்க்கம் நிலவுகிறது. அதில் அப்ஸால், ஸலாமான் என இரு நண்பர்கள். முன்னவன் சொற்களின் உட்பொருளைத் தேடித் தனிமையை நாடுபவன். பின்னவன் வெளிப்படையான கட்டளைகளைப் பற்றி நின்று கூட்டுவாழ்வை விரும்புபவன். தனிமை தேடிய அப்ஸால் ஹய்யுவின் தீவுக்கு வருகிறான். ஹய்யு இதற்குமுன் மனிதனைக் கண்டதில்லை. அப்ஸால் ஓடுகிறான், ஹய்யு துரத்துகிறான். பின் மறைந்திருந்து கவனிக்கிறான். தொழுதும் ஓதியும் அழுதும் நிற்கும் அம்மனிதனின் குரல் ஒழுங்குபட்டதாக, தான் அறிந்த எந்த விலங்கின் குரலோடும் ஒவ்வாததாக, கேட்க இனியதாக இருக்கிறது. அந்தக் குரலே அவனை ஈர்க்கிறது. ஐம்பது வயதுடைய, வானகோளங்களையெல்லாம் ஆராய்ந்து முடித்த ஞானியை அலிஃபும் பேயும் அறியாத பிள்ளைபோல் எதிரில் அமர வைத்து, அப்ஸால் ஒவ்வொரு பொருளாகச் சுட்டிக்காட்டி அதன் பெயரைச் சொல்கிறான்; திரும்பத் திரும்பச் சொல்கிறான்; அவனையும் சொல்ல வைக்கிறான். சிறிது காலத்தில் ஹய்யு பேசுகிறான்.

ஆகவே, ஹய்யு ஆசிரியரின்றிக் கற்றவன் என்போர் நூலின் பாதியைத்தான் படித்திருக்கின்றனர். அப்ஸால் வாராதிருந்தால் தான் கண்ட பேருண்மைக்கு அவனிடம் ஒரு சொல்லும் இருந்திராது. தொழுகையும் நோன்பும் ஸகாத்தும் அவன் தானே கண்டறிந்தவை அல்ல. அப்ஸாலிடம் கேட்டு ஏற்றுக்கொண்டவை. பள்ளியை ஒழிக்க வேண்டும் என்போர்க்கு இந்நூல் துணை நிற்பதாக நமக்குத் தோன்றவில்லை.

எனினும் நாம் இப்னு துஃபைலோடு முரண்படும் இடம் இனிமேல்தான் வருகிறது. அப்ஸாலின் மக்களுக்கும் தான் கண்டதை அறிவிக்க வேண்டும் என்று ஹய்யு ஆர்வங்கொள்கிறான். கப்பலொன்று அவ்வழி வருகிறது, இருவரும் செல்கின்றனர். அப்போது ஸலாமானே அத்தீவின் தலைவன். அறிவில் முதிர்ந்தவர்கள் என்று அப்ஸால் தேர்ந்தெடுத்த நண்பர்களுக்கே ஹய்யு போதிக்கத் தொடங்குகிறான். வெளிப்பொருளைக் கடந்து ஒரடி எடுத்து வைத்ததும் அவர்கள் மனம் சுருங்குகின்றனர். அயலான் என்பதற்காகவும் அப்ஸாலின் நட்புக்காகவும் முகத்தில் காட்டிக்கொள்ளாதிருக்கின்றனர். இரவும் பகலும், தனியேயும் வெளிப்படையாகவும் ஹய்யு முயல்கிறான், வெறுப்பே வளர்கிறது. இறுதியில், மனிதர்களின் இயல்பு பலவகைப்பட்டது, இவர்களுக்கு எட்டும் எல்லை இவ்வளவே என்று முடிவு செய்து, ஸலாமானிடம் மன்னிப்பு வேண்டி, உங்கள் மார்க்கத்தின் வெளிக்கட்டளைகளை விடாது பற்றிக்கொள்ளுங்கள் என்று கூறி, அப்ஸாலுடன் தன் தீவுக்கே திரும்பிவிடுகிறான்.

மக்களின் இயல்பு ஒன்றுபோல் இல்லை என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஹய்யு, அப்ஸால், ஸலாமான் என்று மூவரைப் படைத்துக் காட்டியதே இந்நூலின் பெருஞ்சிறப்பு. ஒருவன் பார்த்துக் கற்பவன். ஒருவன் ஓதி, அதன் உள்ளே தோண்டுபவன். ஒருவன் மக்களோடு கூடி நடந்து கற்பவன். ஆனால் வேறுபாட்டைக் கண்டபின் ஆசிரியன் செய்ய வேண்டியது என்ன? இவ்விடத்தில் நூல் மாணவர்மீது பழியைச் சுமத்திவிட்டு ஆசிரியனை விடுதலை செய்கிறது. பெரும்பாலோர் பேசாத விலங்குகளுக்கு ஒப்பானவர்கள் என்று ஹய்யு கருதுவதாகக்கூட எழுதப்பட்டிருக்கிறது. மானிடம் பால்குடித்து, அதன் மார்பைப் பிளந்து அழுதவனின் வாயில் 'விலங்கு' என்ற சொல் இழிவுச் சொல்லாக வரலாமா? இப்னு துஃபைல் இதனை உணர்ந்தே எழுதினாரா என்பதை நம்மால் அறுதியிட முடியவில்லை. உணர்ந்து எழுதியிருந்தால் அவர் நாம் எண்ணுவதினும் பெரிய கலைஞர்.

தான் கற்ற வழியை ஹய்யு மறந்துவிட்டான் என்பதே நம் குற்றச்சாட்டு. ஐம்பது ஆண்டுகள் கொண்ட முடிவை, அந்த ஐம்பது ஆண்டுகளின் வழி இன்றி, முடிவாகவே எடுத்து நீட்டுகிறான். எந்த நாணமும் எந்தத் துயரமும் எந்த வினாவும் அம்மாணவர்களின் உள்ளத்தில் எழுப்பப்பட்டதாக நூல் சொல்லவில்லை. பொருளைச் சுட்டிப் பெயரைச் சொல்லித் தனக்குக் கற்பித்த அப்ஸாலின் பொறுமையும் அவனிடம் காணப்படவில்லை. அத்தீவில் ஒருவரேனும் அவனிடம் ஒரு கேள்வி கேட்டதாகவும் பதிவில்லை. நம் தமிழ் முஸ்லிம் இலக்கியங்களுள் முழுமையாகக் கிடைப்பனவற்றில் மிகப் பழையது எனக் கொள்ளப்படும் ஆயிர மசலாவை இங்கு நினைத்துப் பார்க்கிறோம். வண்ணப்பரிமளப் புலவர் இயற்றி, 1572இல் அரங்கேறியதாகக் கூறப்படும் அந்நூலில், அப்துல்லாஹ் இப்னு ஸலாம் வினவ, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளிக்கின்றார்கள். மசலா என்றாலே வினாதான். கேட்பவனின் வினா முன்னே வர, விடை பின்னே வருகிறது. ஸலாமானின் தீவில் விடைகள் மட்டுமே இறங்கின.

மக்களின் அறிவளவுக்கேற்பப் பேச வேண்டும் என்ற பெரியோர் அறிவுரையைத்தான் ஹய்யு பின்பற்றினான் என்று வாதிடலாம். அவ்வறிவுரை பேச்சை மாற்றச் சொல்கிறதேயன்றிப் பேச்சை நிறுத்திவிட்டுக் கப்பலேறச் சொல்லவில்லை.

இப்னு துஃபைலுக்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் பின்னே வந்த இப்னு கல்தூன், 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் இந்தச் சிக்கலை வேறு விதமாக அணுகினார். ஒரு கலையை மூன்று சுற்றுகளாகக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை: முதற்சுற்றில் தலையாய செய்திகளைச் சுருக்கமாகவும், இரண்டாவதில் விளக்கத்தோடும் கருத்து வேறுபாடுகளோடும், மூன்றாவதில் எஞ்சிய சிக்கல்கள் அனைத்தையும் அவிழ்த்தும் சொல்ல வேண்டும். சிலருக்கு அதனினும் குறைந்த சுற்றுகளே போதும் என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை. தொடக்கத்திலேயே கடினமான முடிவுகளைத் தலையில் ஏற்றினால் மாணவன் களைத்து, கலையே கடினமென்று எண்ணி விலகிவிடுவான். அந்தக் குற்றம் கற்பித்த முறையினுடையது என்கிறார். ஸலாமானின் தீவில் நடந்ததற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கவுரை இல்லை. கடுமையாக நடத்தப்படும் பிள்ளை பொய்யும் சோம்பலும் கற்றுக்கொள்கிறது, தண்டனைக்கு அஞ்சி உள்ளொன்றும் புறமொன்றுமாக வாழப் பழகிவிடுகிறது என்ற அவர் கூற்றையும் நம் பெற்றோர் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்க்கத்தகும்.

நாடுதோறும் முறை வேறுபட்டதையும் அவர் ஒளிக்காமல் எழுதினார். மக்ரிபில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் தவிர வேறெதையும் கலக்கவில்லை. அந்தலூஸிலோ குர்ஆனை அடிப்படையாக வைத்து, கவிதையும் கடித வரைவும் இலக்கணமும் அழகிய கையெழுத்தும் சேர்த்தே கற்பித்தனர். இஃப்ரீகிய்யாவில் பெரும்பாலும் ஹதீஸையும் இணைத்தனர். கிழக்கு நாடுகளில் கையெழுத்துக்கென்றே தனி ஆசிரியர்கள் இருந்தனர். 1148இல் மறைந்த காழி அபூபக்ர் இப்னுல் அரபி, முதலில் மொழியும் கவிதையும், பின்னர் கணக்கும், அதன்பின் குர்ஆனும் என்று ஒரு வரிசை கூறினார். இப்னு கல்தூன் அதனைச் சிறந்த முறை என்று ஒப்புக்கொண்டு, வழக்கம் அதற்கு இடந்தரவில்லை என்றும், பிள்ளை வளர்ந்து கைமீறிப் போனால் குர்ஆனை இழந்துவிடுவான் என்ற அச்சமே காரணம் என்றும் எழுதினார். நம் முன்னோர்க்குள் எல்லா ஊரிலும் ஒரே முறை, ஒரே கிதாபு, ஒரே வரிசை இருந்தது என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இந்த அதிகாரத்தை எடுத்துப் படிப்பது நலம்.

இந்த இப்னு கல்தூனைப் பற்றியே பாரிஸில் ஆய்வு செய்து பட்டம் பெற்றவர் தாஹா ஹுஸைன். 1889இல் எகிப்தின் மேல்பகுதியிலுள்ள மகாகாவுக்கு அருகே பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தவர். 1929இல் நூலாக வெளிவந்த அவருடைய 'அல் அய்யாம்' முதற்பகுதியை ஹய்யுவின் கதைக்கு அருகில் வைத்துப் படிக்க வேண்டும். முன்னவன் சொல்லே அறியாது கண்ணால் கற்றவன்; பின்னவர் கண்ணின்றிக் காதால் கற்றவர். வீட்டுக்கு அருகே தட்டைகளால் அடைத்த வேலியில் சாய்ந்து நின்று, மாலைப் பொழுதில் மக்கள் நடுவே பாடகன் சொல்லும் அபூஸைதின் வீரக்கதைகளைக் கேட்கிறார். அக்காள் வந்து வலிய வீட்டுக்குள் தூக்கிச் செல்லும்வரை கேட்கிறார். பெண்களின் ஒப்பாரி, பாட்டனாரின் வழிபாட்டு ஓதல்கள், ஊரார் பாடும் பாட்டுகள் என எல்லாம் யாரும் கற்பிக்காமலே மனத்தில் ஏறுகின்றன.

ஓதற்பள்ளியில் நடந்ததோ வேறு. ஒன்பது வயது நிரம்புமுன்னே குர்ஆனை மனனம் செய்து, தந்தையால் 'ஷைகு' என்று அழைக்கப்பட்ட அதே சிறுவர், தந்தையின் நண்பர்கள் முன்னிலையில் அஷ்ஷுஅரா அத்தியாயத்தை ஓதச் சொன்னபோது தொடக்கத்துக்கு மேல் செல்ல இயலாமல் நிற்கிறார். காரணத்தை அவரே நகைச்சுவையோடு விளக்குகிறார். ஆசிரியர் சட்டாம்பிள்ளையிடம் பொறுப்பை விட்டார். சட்டாம்பிள்ளை கையூட்டுப் பெற்றுக்கொண்டு, ஓதாததை ஓதியதாகச் சொன்னான். எல்லாரும் எல்லாரையும் ஏமாற்றினர். வேலியருகே கேட்ட கதை மறக்கவில்லை. பள்ளியில் கணக்குக் காட்டிய பாடம் மறந்துவிட்டது. இதனால் தாஹா ஹுஸைன் பள்ளியை வெறுத்தார் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 1950இல் எகிப்தின் கல்வியமைச்சரானபோது, கல்வி என்பது நீரையும் காற்றையும் போல் எல்லார்க்கும் உரியது என்று சொல்லிக் கட்டணத்தை நீக்கப் போராடியவரும் அவரே.

நூல்களை விட்டுச் சற்று விலகி, நாம் கண்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். கடற்கரை ஊரொன்றில் ஒரு சிறுவன். ஓதற்பள்ளியில் இரண்டு ஆண்டுகளாக முதற்கிதாபிலேயே நின்றுகொண்டிருந்தான். 'இவனுக்கு ஓதல் வராது' என்று தீர்ப்புக் கூறப்பட்டுவிட்டது. அவனோடு ஒருநாள் கரையில் அமர்ந்திருந்தோம். கச்சான் எப்போது திரும்பும், கொண்டல் எடுத்தால் எந்த மீன் கரையை ஒட்டும், விடிவெள்ளி எழுமுன் வத்தை எத்தனை பாகம் வெளியே போயிருக்க வேண்டும் என்று தன் வாப்பாவிடம் கேட்டறிந்தவற்றை ஒன்றுவிடாமல் கூறினான். பின்னர், கேளாமலே, அவனுடைய உம்மம்மா அடுப்படியில் பாடும் முனாஜாத்து ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை பாடிக் காட்டினான். அதில் இருபதுக்கு மேற்பட்ட கண்ணிகள். அரபுச் சொற்களும் நிறைந்தவை. உச்சரிப்பிலும் பெரிய பிழையில்லை. எழுத்தைக் காட்டினால் திகைப்பவன், காதில் விழுந்ததை விடுவதில்லை. அவனைப் பாடச் சொல்லிக் கேட்டவர் அப்பள்ளியில் ஒருவரும் இல்லை. கடலறிவு இருந்தால் போதும், எழுத்து எதற்கு என்றும் நாம் சொல்லமாட்டோம். மீன் ஏலத்தில் எழுதப்படும் கணக்கைப் படிக்கத் தெரியாதவன் ஆண்டு முழுவதும் இழந்துகொண்டே இருப்பான். அந்தச் சிறுவன் ஓதப்போவதை நிறுத்திவிட்டான். அவனுடைய கிதாபை அவன் உம்மா துணியில் சுற்றி இன்னும் மாடத்தில் வைத்திருக்கிறார்.

நம் வீடுகளில் பள்ளிக்கூடம் மிதியாத பெண்கள் அரபுத் தமிழில் சட்டமும் வரலாறும் மாலைகளும் படித்தறிந்த காலம் ஒன்று இருந்தது. ஊருக்குள் ஓதிக்கொடுத்த மூதாட்டிகள் தங்களை ஆசிரியர் என்று அழைத்துக்கொண்டதில்லை. மாவிடித்துக்கொண்டே சபக்குக் கேட்பார்கள். ஒரு பெண்பிள்ளைக்குப் பாட்டாக, மற்றொருத்திக்குக் கதையாக, வேறொருத்திக்கு எழுத்தாக அதே செய்தியைச் சொல்வார்கள். அவர்கள் யாரும் இப்னு துஃபைலைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். ஸலாமானின் தீவில் அவர்களுள் ஒருவர் இருந்திருந்தால் கதை வேறாக முடிந்திருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

இப்னு துஃபைலின் வாழ்வே அவர் கதையின் முடிவுக்கு மறுப்பாக நிற்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். தீவுக்குத் திரும்பிய ஹய்யுவைப் படைத்த அவர் தாம் தீவுக்குப் போகவில்லை. வானியலறிஞர் பித்ரூஜி, தம் கொள்கைக்கு வித்திட்டவர் இப்னு துஃபைலே என்று தம் நூலில் நன்றியுடன் எழுதியுள்ளார். அரிஸ்டாட்டிலின் நூல்களுக்கு உரை எழுதும் பணியில் இப்னு ருஷ்தை ஏவியவரும் அவரே.

இப்னு ருஷ்தைக் கலீஃபாவிடம் அவர் அழைத்துச் சென்ற நிகழ்ச்சியை மர்ராகுஷி என்ற வரலாற்றாசிரியர் பதிந்து வைத்திருக்கிறார். கலீஃபா அபூ யஃகூப், அறிமுகம் முடிந்ததும், வானம் தொன்றுதொட்டு உள்ளதா, படைக்கப்பட்டதா என்று மெய்யறிஞர் கருதுவதைப் பற்றி வினவினார். இப்னு ருஷ்து அஞ்சினார். இவற்றையெல்லாம் நான் பயின்றதில்லை என்று சாக்குச் சொல்லத் தலைப்பட்டார். அவருடைய அச்சத்தைக் கண்ட கலீஃபா அவரை வற்புறுத்தவில்லை. இப்னு துஃபைலின் பக்கம் திரும்பி, அந்த வினாவைப் பற்றித் தாமே பேசத் தொடங்கினார். அரிஸ்டாட்டிலும் பிளேட்டோவும் சொன்னதை, மார்க்க அறிஞர்கள் மறுத்ததை, நண்பரோடு உரையாடுவதுபோல் எடுத்துரைத்தார். கேட்டுக்கொண்டிருந்த புதியவருக்கு நடுக்கம் தணிந்தது. சிறிது நேரத்தில் இப்னு ருஷ்தும் வாய்திறந்து, தாம் அறிந்ததைப் பேசலானார்.